பழைய பாய்மரப் படகின் சாளரங்களை மாற்றுதலும் நீரடைப்புச் செய்தலும்

பழைய பாய்மரப் படகின் சாளரங்களை மாற்றுதல் என்பது, பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த கண்ணாடியிழைப் படகின் அறைச் சுவரில் உள்ள சாளரங்களைக் கழற்றி, பழுதான பலகத்தையோ சட்டத்தையோ புதுப்பித்து, நீர் புகாதவாறு மீண்டும் பொருத்தும் பராமரிப்புப் பணியாகும். பலகம் நல்ல நிலையில் இருந்து, அதைச் சுற்றியுள்ள நீரடைப்புப் பசை மட்டும் கெட்டிருந்தால், பழைய பலகத்தையே புதிய பசையிட்டுப் பொருத்துவதும் உண்டு. இப்பசை பொதுவாகச் சீலன்ட் எனப்படுகிறது.

மரக்கலங்களில் பலகைகளுக்கு இடைப்பட்ட சந்துகளை நார் திணித்து அடைக்கும் வேலைக்குத் தமிழில் கலப்பற்று என்ற சொல் வழங்கியது. கண்ணாடியிழைப் படகின் உடல் ஒரே வார்ப்பாக அமைவதால் அதில் பலகைச் சந்துகள் இல்லை. ஆனால் சாளரத்திற்காகவும், திருகுகளுக்காகவும், பாய்மரக் கம்பிகளின் பிடிப்பிற்காகவும் வெட்டப்பட்ட ஒவ்வொரு துளையும் நீர் புகும் வழியாக மாறக்கூடும். இவற்றுள் மிக நீளமான விளிம்பைக் கொண்டது சாளரமே.

பின்னணி

கண்ணாடியிழையால் செய்த பாய்மரப் படகுகள் 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் எண்ணிக்கையில் கட்டப்பட்டன. பிரித்தானியாவின் வெஸ்டர்லி சென்டார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 26 அடி நீளமுள்ள இந்த வகைப் படகு 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. அறைச் சுவரில் அலுமினியச் சட்டமிட்ட சாளரங்களைக் கொண்ட இப்படகுகளில் பல இன்றும் ஓடுகின்றன. கண்ணாடியிழை உடல் அரை நூற்றாண்டையும் தாண்டி உழைக்கிறது. சாளரத்தின் ரப்பரும் சீலன்டும் அவ்வாறு உழைப்பதில்லை. ஆகவே இத்தகைய படகு ஒன்றின் வாழ்நாளில் சாளரங்களைப் பலமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

சாளரம் ஒழுகுவதற்கான காரணங்கள்

சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் சீலன்டையும் ரப்பரையும் நாளடைவில் கெட்டியாக்கி வெடிக்கச் செய்கின்றன. பாய்களின் இழுவிசையாலும் அலைகளின் மோதலாலும் படகின் உடல் சிறிதளவு முறுகுகிறது. அம்முறுக்கம் சாளரத்தின் விளிம்பில் வந்து சேர்கிறது. அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் இருந்தால், உப்புநீரில் இவ்விரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நிகழ்கிறது. அரிக்கப்படுவது அலுமினியமே. திருகைச் சுற்றி வெள்ளைத் தூள் படிந்திருப்பது இதன் அடையாளம்.

இவை எல்லாவற்றையும்விட முதன்மையான காரணம் வெப்ப விரிவாகும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயரும்போது அக்ரிலிக் பலகம் மீட்டருக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீள்கிறது. கண்ணாடியிழைச் சுவர் ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர் மட்டுமே நீள்கிறது. காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே 40 பாகை வேறுபாடு இருந்தால், ஒரு மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் பலகம் 2.8 மில்லிமீட்டரும் அதே நீளமுள்ள சுவர் 1 மில்லிமீட்டரும் விரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1.8 மில்லிமீட்டர். பலகம் நடுவிலிருந்து இருபுறமும் விரிவதால், ஒவ்வொரு முனையும் 0.9 மில்லிமீட்டர் நகர்கிறது.

இந்த நகர்வைத் தாங்க வேண்டியது நடுவிலுள்ள சீலன்ட் படலம். அப்படலத்தின் தடிமன் 3 மில்லிமீட்டராக இருந்தால், அது தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சாய வேண்டியிருக்கும். போல்ட்டுகளை இறுக்கிப் படலத்தை 0.3 மில்லிமீட்டராக நசுக்கிவிட்டால், தன் தடிமனைப்போல் மூன்று மடங்கு சாய வேண்டும். எந்தச் சீலன்டும் இதை நாள்தோறும் தாங்காது. இறுக்கினால் ஒழுகாது என்னும் பொதுவான எண்ணம் தவறாவது இங்குதான். பழைய படகுகளில் மீண்டும் மீண்டும் ஒழுகும் சாளரங்கள் பலவற்றில் சீலன்ட் தாள் அளவுக்கு மெலிந்திருப்பதைக் காணலாம்.

ஒழுக்கினால் ஏற்படும் கேடு

மெத்தை நனைவதும் பூஞ்சை படர்வதும் கண்ணுக்குத் தெரியும் கேடுகள். கண்ணுக்குத் தெரியாத கேடு சுவருக்குள் நடக்கிறது. பல படகுகளின் மேல்தளமும் அறைச் சுவரும் இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்துக் கட்டப்பட்டவை. இந்த நடு அடுக்குதான் சுவருக்கு விறைப்பைத் தருகிறது. சாளரத்திற்காக வெட்டிய விளிம்பு மூடப்படாமல் இருந்தால், உள்ளே இறங்கும் நீர் இந்த மரத்தை உளுக்கச் செய்கிறது. மரம் மட்கினால் இரு தோல்களும் பிரிந்து, சுவர் வலுவிழக்கிறது. சில மணி நேரத்தில் முடியக்கூடிய சாளர வேலை, கவனிக்காமல் விட்டால் பல மாதக் கட்டமைப்பு வேலையாக வளர்வது இதனால்தான்.

கடலில் பாதுகாப்பு

சாளரம் கடலின் எடையையும் தாங்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழ நீர் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஒரு டன் எடையை ஏற்றுகிறது. 60 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சாளரத்தின் பரப்பு 0.15 சதுர மீட்டர். படகு பக்கவாட்டில் சாய்ந்து, அச்சாளரம் ஒரு மீட்டர் ஆழத்தில் அமிழ்ந்தால் அதன்மேல் ஏறத்தாழ 150 கிலோகிராம் சுமை விழும். அலையிலிருந்து படகு தூக்கி எறியப்படும்போது விழும் அடி இதைவிடப் பன்மடங்கு ஆகும். அப்போது பலகம் உடைந்தாலோ உள்ளே தள்ளப்பட்டாலோ, அந்தத் துளை வழியாக அறை விரைவில் நிரம்பும்.

1979 ஆகத்தில் நடந்த பாஸ்ட்நெட் போட்டியில் 303 படகுகள் கலந்துகொண்டன. கடும்புயலில் சிக்கிப் போட்டியாளர்கள் 15 பேர் உயிரிழந்தனர். படகு கவிழும்போது அறைக்குள் நீர் புகும் வழிகள் மீது இந்நிகழ்வுக்குப் பின் கூடுதல் கவனம் செலுத்தப்பட்டது. இன்று சிறு கலங்களின் சாளரங்கள், மேல்தளக் கதவுகள் ஆகியவற்றின் வலிமைக்கு ஐஎஸ்ஓ 12216 என்னும் பன்னாட்டுத் தரம் உள்ளது. நெடுங்கடல் பயணம் செய்வோர், பெரிய சாளரங்களுக்கு வெளியே பொருத்தக்கூடிய ஒட்டுப்பலகை மறைப்புகளையும் உடன் வைத்திருப்பர்.

சாளர வகைகள்

பழைய படகுகளில் காணப்படும் நிலையான சாளரங்களை நான்காகப் பிரிக்கலாம்.

அலுமினியச் சட்டச் சாளரம்: பலகம் ரப்பர் வாருடன் ஓர் அலுமினியச் சட்டத்தில் அமர்ந்திருக்கும். வெளிச்சட்டமும் உள்வளையமும் சுவரை இடையில் வைத்துத் திருகுகளால் கவ்வும். இதில் இரண்டு அடைப்புகள் உள்ளன. ஒன்று பலகத்துக்கும் சட்டத்துக்கும் இடையில், மற்றொன்று சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில். எது ஒழுகுகிறது என்று அறியாமல் வேலையைத் தொடங்குவது வீண்.

ரப்பர் வார்ச் சாளரம்: பழைய பேருந்துக் கண்ணாடியைப் போலப் பலகத்தைச் சுவரில் ரப்பர் வாரே பிடித்திருக்கும். எளிதாக மாற்றலாம். ஆனால் வலுவான அலையடியில் பலகம் உள்ளே தள்ளப்படும் வாய்ப்பு மற்ற வகைகளைவிட அதிகம்.

மேற்பொருத்துச் சாளரம்: சட்டம் இல்லாத அக்ரிலிக் பலகம், திறப்பைவிடப் பெரிதாக வெட்டப்பட்டு, வெளிப்புறமாகச் சுவர்மேல் போல்ட்டுகளாலோ பசையாலோ பொருத்தப்படும்.

பதிசாளரம்: சுவரில் வார்க்கப்பட்ட பள்ளத்தில் பலகம் பதிந்து, வெளிப்பரப்புடன் சமமாக நிற்கும். பெரும்பாலும் பசையையே நம்பியிருக்கும்.

பலகத்திற்கான பொருள்கள்

அக்ரிலிக் 1930களில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. பிளெக்சிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் ஆகிய பெயர்களில் அறியப்படுவது இதுவே. புறஊதாக் கதிர்களை நன்கு தாங்கும், விறைப்பானது, பாலிகார்பனேட்டு அளவுக்கு எளிதில் கீறல் விழாது. ஆனால் திடீர் அடியில் வெடிக்கக்கூடும். படகுக்கு வார்ப்பு அக்ரிலிக் ஏற்றது. பிதுக்கிச் செய்த மலிவான தகடு, வெட்டும்போதும் துளையிடும்போதும் எளிதில் உருகும், விரைவில் மயிரிழை வெடிப்பும் விழும்.

பாலிகார்பனேட்டு 1953இல் உருவாக்கப்பட்டது. லெக்சான், மேக்ரலான் என்பன இதன் வணிகப் பெயர்கள். அடி தாங்கும் திறனில் இதற்கு இணையில்லை. ஆனால் எளிதில் கீறல் விழும். புறஊதாக் காப்புப் பூச்சு இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளித்து மங்கும். சுமை விழும்போது அக்ரிலிக்கைவிட அதிகமாக வளைவதால், பசையிலிருந்து விளிம்பு உரிந்துகொள்ளும் வாய்ப்பும் உண்டு.

வன்கண்ணாடி சில சட்டச் சாளரங்களில் காணப்படும். கீறலும் மங்கலும் இதில் இல்லை. வன்மையாக்கிய பிறகு இதை வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே சரியான அளவு கொடுத்தே செய்து வாங்க வேண்டும்.

பலகத்தின் தடிமன் பழையதைவிடக் குறையக் கூடாது. சாளரம் பெரிதாக இருந்தாலோ படகு திறந்த கடலுக்குச் செல்வதானாலோ தடிமனை உயர்த்துவதே நல்லது.

சீலன்ட் வகைகள்

பியூட்டைல் நாடா: களிமண் போன்ற பிசுபிசுப்பான நாடா. உலர்ந்து கெட்டியாகாது. அலுமினியச் சட்டத்தைச் சுவரில் அடைக்க மிகவும் ஏற்றது. பின்னாளில் எளிதாகக் கழற்றலாம். இதற்குப் பசைவலு இல்லை. பிடிப்பைத் திருகுகளே தர வேண்டும்.

பாலிசல்பைடு: மரத்துக்கும் உலோகத்துக்கும் சிறந்தது. அக்ரிலிக், பாலிகார்பனேட்டு ஆகியவற்றைத் தாக்கி வெடிக்கச் செய்யக்கூடியது என்பதால் நெகிழிப் பலகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

பாலியூரித்தேன்: வலுவாக ஒட்டும். பொது வகைகள் நெகிழிப் பலகத்துக்குப் பொருந்தா. நெகிழிச் சாளரத்துக்கென்றே செய்யப்பட்ட வகைகளை, அவற்றுக்குரிய முதற்பூச்சுடன் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சிலிக்கோன்: நெகிழிக்குத் தீங்கு செய்யாது, புறஊதாக் கதிர்களைத் தாங்கும். உயரமான கட்டடங்களில் கண்ணாடி ஒட்டப் பயன்படும் கட்டமைப்புச் சிலிக்கோன், சட்டமற்ற படகுச் சாளரங்களுக்கும் பயன்படுத்தப்படுகிறது. குளியலறைச் சிலிக்கோன் இதற்கு மாற்றாகாது. சிலிக்கோன் பட்ட பரப்பில் பின்னர் வேறு எந்தப் பசையும் வண்ணமும் எளிதில் ஒட்டாது. முந்தைய உரிமையாளர் விரிசல்மேல் பூசிச் சென்ற சிலிக்கோனை முழுவதும் அகற்றுவதே பல படகுகளில் மிகக் கடினமான வேலையாகிறது.

ஒழுக்கின் இடத்தைக் கண்டறிதல்

உள்ளே நீர் சொட்டும் இடமும் வெளியே நீர் புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. மேல்தளத்தின் கைப்பிடிக் கம்பித் திருகு வழியாகப் புகுந்த நீர், உட்கூரை வழியே ஓடி, சாளரத்தின் மேல்விளிம்பில் வந்து சொட்டலாம். ஆகவே சோதனைக்கு இருவர் தேவை. ஒருவர் உள்ளே விளக்குடன் பார்த்திருக்க, மற்றவர் வெளியே குழாய் நீரை மெதுவாகச் செலுத்த வேண்டும். சாளரத்தின் கீழ்விளிம்பில் தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே நகர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, சோதனையே பொருளற்றதாகிவிடும்.

செயல்முறை

1. கழற்றுதல்: எல்லாச் சாளரங்களையும் ஒரே நாளில் கழற்றுவது தவிர்க்கப்படுகிறது. ஒன்றிரண்டாகச் செய்தால் மழை வந்தாலும் திறப்பை மூடி வைக்கலாம். இடம், வலம், மேல், கீழ் ஆகியவற்றை ஒவ்வொரு பகுதியிலும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரி தோன்றும் இருபுறச் சாளரங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. இறுகிப்போன திருகுகளுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒருநாள் காத்திருப்பதும், சிறிது வெப்பமூட்டுவதும் உதவும். சட்டத்தை நெம்புகோலால் நெம்பினால் அது நிரந்தரமாக வளைந்துவிடும். மெல்லிய தகட்டைச் சுற்றிலும் சிறிது சிறிதாகச் செலுத்திப் பழைய சீலன்டை அறுத்தெடுப்பதே முறை.

2. துப்புரவு: பழைய சீலன்டை நெகிழிச் சுரண்டியால் நீக்கி, கண்ணாடியிழைப் பரப்பை அசிட்டோனால் துடைக்க வேண்டும். அசிட்டோன், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர்மம் ஆகியவை அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் படக்கூடாது. பட்டால் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அவற்றை மென்மையான சவர்க்கார நீரால் துடைத்தால் போதும்.

3. திறப்பைச் செப்பனிடுதல்: விளிம்பில் தெரியும் நடு அடுக்கைக் கூரிய கருவியால் குத்திப் பார்க்க வேண்டும். கறுத்து மென்மையாக இருக்கும் மரத்தை நல்ல மரம் தெரியும்வரை தோண்டியெடுத்து, முழுவதும் உலரவிட வேண்டும். பின் சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். மரம் நல்ல நிலையில் இருந்தாலும் விளிம்பில் எப்பாக்சி பூசுவது நல்லது. இதன்பின் சீலன்ட் எப்போதாவது தோற்றாலும் நீர் அறைக்குள் சொட்டுமேயன்றிச் சுவரை அழிக்காது. முழு வேலையிலும் நீண்ட காலம் பயன் தருவது இந்தப் படியே.

4. பலகத்தை வெட்டுதல்: பழைய பலகமே சிறந்த அச்சு. அது உடைந்திருந்தால் அட்டையில் வடிவம் எடுக்க வேண்டும். காப்புத் தாளை உரிக்காமல், நுண்பல் அலகு பொருத்திய ஜிக்சா வாளால் மெதுவாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் வழுவழுப்பாக்க வேண்டும். கரடான விளிம்பிலிருந்தே வெடிப்பு தொடங்கும். சட்டத்திலோ பள்ளத்திலோ அமரும் பலகத்தைச் சுற்றி, விரிவுக்காக ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும்.

5. துளையிடுதல்: போல்ட்டின் விட்டத்தைவிடத் துளை 2 மில்லிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும். கூம்புத் தலைத் திருகு ஆப்பு போலச் செயல்பட்டு அக்ரிலிக்கைப் பிளந்துவிடும். தட்டைத் தலைப் போல்ட்டும் அகன்ற வாஷரும் பயன்படுத்த வேண்டும்.

6. உலர்பொருத்தம்: சீலன்ட் இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, பலகத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். பலகத்தின் வளைவு சுவரின் வளைவுடன் பொருந்தாவிட்டால் பசை எப்போதும் இழுவிசையில் இருக்கும். மிகுந்த வளைவுள்ள சுவருக்குப் பலகத்தை வெப்பமூட்டி வளைத்தே பொருத்த வேண்டும்.

7. சீலன்ட் இட்டுப் பொருத்துதல்: சீலன்டை விளிம்பு முழுவதும் இடைவிடாத ஒரே கோடாக இட வேண்டும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு வளையம் இட வேண்டும். படலம் நசுங்காமல் இருக்க 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு ரப்பர்த் துண்டுகளை இடையில் வைப்பது வழக்கம். நடுவிலிருந்து முனைகளை நோக்கி, மாறி மாறி, சீலன்ட் சுற்றிலும் சீராகப் பிதுங்கும்வரை மட்டுமே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். பிதுங்கியதை வழித்து, தோல் படர்வதற்கு முன் டேப்பை உரிக்க வேண்டும்.

8. உறையவிடுதல்: ஒற்றைக் கூறுச் சீலன்ட்கள் பெரும்பாலும் காற்றின் ஈரத்தால் உறைகின்றன. தடித்த படலம் முழுதும் உறைய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை படகை ஓட்டக் கூடாது. உறைந்த பின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்குவதும் தவறு. உறைந்த அடைப்பு அதனால் குலையும்.

ஒளி ஊடுருவும் பலகத்தின் வழியாகப் புறஊதாக் கதிர்கள் பசையின் பின்பக்கத்தை அடைந்து அதைக் கெடுக்கும். எனவே பசையை மட்டும் நம்பும் சாளரங்களில், ஒட்டும் பகுதியின் விளிம்பைக் கரிய முதற்பூச்சால் மறைப்பர்.

போல்ட்டா, பசையா

போல்ட்டுகள் இருந்தால் பசை தோற்றாலும் பலகம் உடனே விழாது. ஆனால் ஒவ்வொரு துளையும் வெடிப்புக்கும் ஒழுக்குக்கும் இடமளிக்கிறது. பசை மட்டும் பயன்படுத்தினால் சுமை விளிம்பு முழுவதும் பரவுகிறது, வெப்ப விரிவுக்கும் தடையில்லை. ஆனால் பரப்பைத் தயாரித்ததில் ஏற்பட்ட பிழை வெளியே தெரியாது. வெளிப்புறமாகப் பொருத்திய பலகத்தை அலை சுவரோடு சேர்த்தே அழுத்தும் என்பது உண்மை. ஆயினும் கவிழும் படகில் விசை எத்திசையிலும் வரலாம். தொலைகடல் செல்லும் பழைய படகுகளில் பலர் போல்ட்டுகளையும் தடித்த சீலன்ட் படலத்தையும் சேர்த்தே பயன்படுத்துகின்றனர்.

பணியாளர் பாதுகாப்பு

கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் தீங்கானது. மூச்சுக்காப்பும் கண்காப்பும் அணிய வேண்டும். எப்பாக்சி தோலில் தொடர்ந்து படுவதால் நீங்காத ஒவ்வாமை ஏற்படலாம். கையுறை இன்றி அதைத் தொடக் கூடாது. பாலியூரித்தேன் சீலன்டும் கரைப்பான்களும் பயன்படுத்தும்போது அறைக் கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும்.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறை குழாய் நீர்ச் சோதனை செய்வதும், பலகத்தில் மயிரிழை வெடிப்பு தோன்றியுள்ளதா என்று பார்ப்பதும் போதுமானது. உப்புப் படிவை நன்னீரால் கழுவிய பிறகே துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த உப்பின்மேல் துடைத்தால் பலகத்தில் கீறல் விழும். ஒழுக்கு தோன்றினால், வெளியே விளிம்பின்மேல் சீலன்ட் பூசுவது சில வாரங்களுக்கு நீரை நிறுத்தக்கூடும். ஆனால் நீர் வெளியேறும் வழியும் அதனால் அடைபட்டு, முன்பே உள்ளே இறங்கிய நீர் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். முறையாகக் கழற்றி, விளிம்பைப் பார்த்து, மீண்டும் பொருத்துவதே நிலையான தீர்வாகும்.